தேயிலை மலைக்குப் போன பாலைவனப் படம்

படம் ஓட்டும் தொழிலில், நடுவில் ரீல் அறுந்துபோவது பெரிய கஷ்டம் இல்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழுகிற கேள்விதான் கஷ்டம். பத்துப் பேர் முன்னால் நின்று எதையாவது விளக்கிச் சொல்ல முயன்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நீங்களும் அப்படி ஒருநாள் நின்றிருந்தால், என் கட்சிதான்.

சிலோனிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில், ஆறு வருஷம் நான் நீலகிரியில் ஒரு படவண்டியில் வேலை பார்த்தேன். ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், படக்கருவி, வெள்ளைத் திரை, ஓட்டுநர் பழனிசாமி. இவ்வளவுதான் எங்கள் பரிவாரம். அம்மை குத்துவது, கொதிக்க வைத்த தண்ணீர் குடிப்பது என்று பல படங்கள் மேலிடத்திலிருந்து வரும்; காட்டியதும் திரும்பிப் போகும். ஒன்றை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது பாலைவனத்தைப் பற்றிய படம். வெயிலில் தொடங்கி, செடி, வெட்டுக்கிளி, ஓணான், பாம்பு, பருந்து என்று சக்தி எப்படிக் கை மாறுகிறது, எப்போதோ பெய்யும் மழை எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று இருபத்தைந்து நிமிஷம் ஓடும். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது. சிறுவர் பத்திரிகைக்கு அறிவியல் எழுதிப் பழகியவன் என்பதால், சத்தத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் நானே தமிழில் சொல்வேன்.

பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி என்று இருக்கிற மலையில் இந்தப் படத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பெரும்பாலும் சிரிப்புதான். ஒரு குடும்பம் மட்டும் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு இனி எங்கே வாழ்வது என்று முடிவு செய்யப் பார்த்தது. அது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

நல்ல வெட்டு

முதன்முதலாகப் படத்தைப் போட்டது குந்தா பக்கம் ஒரு புதுத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையை அவர்கள் சிலோன் வழக்கப்படி ‘புள்ளக் காம்பரா’ என்பார்கள். அதன் ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். திரையில் வெறும் மணல். அதில் இலை ஒன்றுகூட இல்லாமல், குச்சி குச்சியாக, வரிசையாகச் செடிகள். தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்கச் செடியே தன் இலைகளை உதிர்த்துவிடுகிறது என்று சொன்னேன். கூட்டம் தலையாட்டியது. அடுத்த காட்சியில் மழை பெய்து அதே குச்சிகளில் தளிர் விட்டபோது கை தட்டினார்கள். நான் நன்றாக விளக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு கவ்வாத்துக்காரர் எழுந்தார். தேயிலைச் செடியைக் குச்சியாக வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க விடுவது கவ்வாத்து. அவர் முப்பது வருஷம் அந்தக் கத்தியைப் பிடித்தவர். இலை உதிர்ந்தது என்று நான் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் பேசியபோதுதான் தெரிந்தது. “வெட்டு சுத்தமா இருக்குங்க சார். ஆனா ரெண்டு வெரக்கடை தாழ வெட்டியிருந்தா இன்னும் நல்லாக் கெளை வெடிச்சிருக்கும்.”

பாக்கியத்தின் கேள்வி

அன்றைக்கே, சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் பாக்கியம் என்கிற பெண் தயங்கித் தயங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் மடித்த ஒரு காகிதம். அவருக்கும் கணவர் சின்னையாவுக்கும் சமவெளியில், மழை குறைந்த ஒரு மாவட்டத்தில், புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடும் இரண்டு ஏக்கர் நிலமும் தருவதாகக் கடிதம். ஒரு மாதத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சின்னையாவுக்கு நிலம் என்றதும் ஆசை. பாக்கியத்துக்குப் பயம். பிறந்தது முதல் மழையிலேயே இருந்தவர். காய்ந்த பூமி என்று அவர் பார்த்தது கப்பலை விட்டு இறங்கியதும் தங்கிய மண்டபம் முகாம் மட்டும்தான். அங்கே இருந்த மூன்று வாரமும் சோற்றில் மணல் என்றார்.

நான் காட்டியது எங்கோ வடக்கே இருக்கும் பாலைவனம், நீங்கள் போகப்போவது பாலைவனம் இல்லை, வானம் பார்த்த பூமி, இரண்டும் ஒன்றல்ல என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு வேறு சந்தேகம். முகாமில் பகலெல்லாம் அப்படிக் காய்ந்தது, விடிகாலையில் போர்வை நனைந்து கிடந்தது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உண்டு, கடலோரத்தில் கூடுதலாக, பாலைவனத்தில் மிகக் குறைவாக. இரவில் தரை சீக்கிரம் குளிர்வதால் அந்த ஈரம் பனித்துளியாகிறது என்று விளக்கினேன். கையிலிருந்த காகிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். “அப்ப காஞ்ச ஊருலயும் தண்ணி மேலதான் நிக்குது. எறங்கி வரத்தான் மனசில்ல.”

ஆகாயத்தில் ஒட்டகம்

அடுத்த வாரம் இரண்டாம் டிவிஷனில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் களத்தில், திறந்த வெளியில் காட்சி. பொழுது சாய்ந்ததும் தொடங்கினோம். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து களத்துக்குள் நடந்து வந்தது. வெளிச்சம் திரைவரை போகவில்லை. நடுவழியில் பனியிலேயே நின்றுவிட்டது. திரையில் போக வேண்டிய ஒட்டகம் கூட்டத்தின் தலைக்கு மேலே, காற்றில், ஆடி அசைந்து போயிற்று. பெண்கள் குனிந்து வழி விட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அது எங்கே போகிறது என்று பார்க்க எழுந்து மறுபக்கம் ஓடினார்கள்.

இந்த உலகத்தில் இவ்வளவு ஈரத்துக்குள் இவ்வளவு வறண்ட ஒரு படம் ஓடியிருக்காது. நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இங்கே ஆண்டுக்கணக்கில் மழையே இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாக்கியம் வேர்கள் வரும் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று இரண்டு மைல் நடந்து வந்திருந்தார். மழை பெய்ததும் பிடித்துக்கொள்ள மேலாகப் பரவும் வேர் ஒரு வகை, ஆழத்து ஈரத்தைத் தேடி நேராக இறங்கும் வேர் இன்னொரு வகை. அன்றைக்கு அவருக்கு இரண்டும் தெரியவில்லை. கோயம்புத்தூர்க்காரரான பழனிசாமி சாவகாசமாக என்னிடம் வந்தார். “ஏனுங்க சார், திரையைச் சுருட்டி வண்டில போட்டரட்டுங்களா? அது இல்லாமயே படம் நல்லா நிக்குதுங்க.”

பிக்கட்டியில் பொறாமை

பக்கத்து ஊரான பிக்கட்டியில் விவசாயிகளுக்காக ஒரு காட்சி. மழை இல்லாத பூமியைப் பார்த்தால் தங்கள் மழையின் அருமை அவர்களுக்குப் புரியும் என்று நான் எதிர்பார்த்தேன். மணல் காட்சி ஓட ஓட, முன்னால் இருந்த ஒரு படகர் விவசாயியின் முகம் பிரகாசமாகிக்கொண்டே போனது. உருளைக்கிழங்கு போடுகிறவர். அந்த வருஷம் பத்து நாள் பனி விடாமல் மூடி, இலையெல்லாம் கருகி, கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியிருந்தது. இலையில் ஈரம் தங்காத ஒரு ஊர் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “அங்கே நெலம் வாங்கறதுக்கு யாரைப் பார்க்கணும்?”

விறகும் ஆவியும்

இந்தப் படத்தில் நான் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் சுற்றுகிறது, சக்தி சுற்றுவதில்லை. மழை மண்ணில் இறங்கி, வேர் வழியாக ஏறி, இலை வழியாக ஆவியாகி, மறுபடி மேகமாகும். ஆனால் வெயிலிலிருந்து செடி வாங்கிய சக்தி வெட்டுக்கிளிக்குப் போகும்போதே பெரும் பகுதி சூடாகக் கரைந்துவிடும், ஓணானுக்குப் போகும்போது இன்னும் கரையும், திரும்பி வராது. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் கூட்டம் கொட்டாவி விட்டது. சிறுவர் பத்திரிகையில் இதையே மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் வாசகர்கள் அதற்கு அடுத்த பக்கத்துப் புதிரைப் பற்றித்தான் கடிதம் போட்டார்கள்.

பாக்கியத்தின் கணவர் சின்னையா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். தொழிற்சாலையை அவர்கள் ‘ஸ்டோர்’ என்பார்கள். அங்கே ஒரு நாள், மேல்தளத்தில் கொழுந்தை வாடப் போட்டிருந்த தட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கிப் படத்தைப் போட்டேன். நான் அந்த இடத்துக்கு வந்து வழக்கம்போலத் திணறினேன். சின்னையா அதிகம் பேசாதவர். எனக்காகப் பரிதாபப்பட்டோ என்னவோ, எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது, மீதி எங்கே போகிறது என்று அவர்களிடம் கேட்டார். ஆவியாக என்றார்கள். அந்த ஆவி எங்கே என்றார். வெளியே பனியைக் காட்டினார்கள். பிறகு அவர் சொன்னதை நான் அன்றிலிருந்து எல்லா இடத்திலும் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லி வருகிறேன். “கொழுந்துல போன தண்ணி நாளைக்கு நம்ம தலையிலயே வந்து விழும். நான் அடுப்புல போட்ட வெறகு வந்து விழுந்து யாராச்சும் பாத்திருக்கீங்களா?”

பருந்து

கடிதத்துக்குப் பதில் சொல்ல இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது. வீட்டில் பேச்சு முற்றிவிட்டது என்று பாக்கியம் சொன்னார். சின்னையா நிலம் என்பார். இவர் தண்ணீர் என்பார். இருவரும் முதுகைக் காட்டிப் படுப்பார்கள். என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். படத்தில் ஓணான் எப்படிப் பிழைக்கிறது என்றுதான் காட்டுகிறார்கள், சின்னையா எப்படிப் பிழைப்பார் என்று அதில் இல்லை என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் வழி. அதற்கு நான்கு நாள் லீவு வேண்டும். தோட்டத்தில் கொழுந்து குவிகிற நேரம். அடுப்பை விட்டு ஆளை அனுப்ப மாட்டார்கள்.

அந்த வாரக் காட்சிக்குத் தோட்ட மேனேஜரே வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செடி நிறைய, வெட்டுக்கிளி அதைவிடக் குறைவு, ஓணான் இன்னும் குறைவு, பருந்து ஒன்றே ஒன்று என்று நான் சொல்லும்போது பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. யாரோ செடிதான் நாம் என்றார். வெட்டுக்கிளி கங்காணி என்றது இன்னொரு குரல். ஓணானுக்கும் பாம்புக்கும் ஆபீஸில் ஆள் கண்டுபிடித்தார்கள். பருந்துக்கு வந்ததும் ஒரே மௌனம். நான் அவசரமாக அடுத்த காட்சிக்குத் தாவினேன். மேனேஜர் திரும்பிப் பார்க்கவே இல்லை. படம் முடிந்து அவர் எழுந்தபோது சின்னையா பக்கத்தில் போய்க் கை கட்டி நின்று லீவு கேட்டார். மேனேஜர் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஊர் பேரை ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தார். “நாலு நாள் போயிட்டு வா. பருந்துதான் லீவு குடுத்துச்சுன்னு பின்னாடி இருக்கறவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போ.”

நான்கு கேள்விகள்

போகும் முன் மூன்று பேருமாக உட்கார்ந்து கேள்விகள் தயார் செய்தோம். கிணற்றில் கோடையில் எத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர்? யாரும் தண்ணீர் ஊற்றாமல் பச்சையாக நிற்பது என்ன மரம்? கண்மாய் நிறைந்தால் எத்தனை மாதம் தாங்கும்? இந்த மூன்றும் என்னுடையவை. நான்காவது பாக்கியத்தினுடையது: குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

ஐந்தாம் நாள் சின்னையா கறுத்துத் திரும்பினார். கிணற்றில் ஐந்து ஆள் ஆழம். வேம்பும் கருவேலமும் யாரையும் கேட்காமல் பச்சையாக நிற்கின்றன. மழை ஏமாற்றாவிட்டால் கண்மாய் ஐந்து மாதம் தாங்கும், ஏமாற்றினால் இல்லை. இப்படி மறைக்காமல் எல்லாம் சொன்னார். நான்காவது கேள்விக்கு அவர் யாரையும் கேட்கவில்லையாம். குடத்தை இரவல் வாங்கித் தானே நடந்து பார்த்தாராம். வாசலில் பீடி பற்ற வைத்தேன், அது தீரும்போது கிணறு வந்துவிட்டது, ஒரு பீடி தூரம்தான் என்று பெருமையாகச் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொள்ளப் போனேன். பாக்கியம் அடுப்பிலிருந்து தேத்தண்ணியை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “வெறும் கொடத்தோட போறப்ப ஒரு பீடி சரிங்க சார். நெறை கொடத்தோட திரும்பி வர்றப்ப எத்தனை பீடின்னு அதையும் கேட்டு எழுதிக்கிடுங்க.”

சம்மதம்

கடைசி நாளுக்கு முந்தைய நாள் பாக்கியம் மழையில் நனைந்துகொண்டு ஜீப்பை வழிமறித்தார். காகிதத்தில் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படத்தை நம்பிப் போகாதீர்கள் என்று மறுபடி தொடங்கினேன். அங்கே ஒரு வருஷம் மழை தப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு ஏன் என்றேன்.

பழனிசாமி வண்டியை நிறுத்திவிட்டார். ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து, நனையாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார். பாக்கியம் எதிரே தெரிந்த லயத்தைப் பார்த்தார். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழே, ஒவ்வொரு கதவிலும் தோட்டம் எழுதிய எண். “சிலோன்ல எங்கப்பனுக்கு லயம், இங்க எனக்கு லயம். மழை மட்டுந்தான் எங்களுது, மண்ணு தோட்டத்துது. அங்க மண்ணு எங்களுதா இருக்கட்டும், மழையை நாங்க பாத்துக்கிறோம்.”

கூரை

அவர்கள் போன பிறகு எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அதுவரை அந்தப் படத்தை மனமில்லாமல்தான் போட்டு வந்தேன். மழைக்காகக் காத்திருக்கும் விதைகள் மணலுக்குள் கிடக்கிற காட்சி வந்தால் வேறு பக்கம் பார்ப்பேன். பழனிசாமியும் பார்ப்பார். அவங்க நல்லா இருப்பாங்க என்று அவர் அடிக்கடி சொன்னார். அவரும் என்னைப்போலத்தான் கவலைப்படுகிறார் என்று அதிலிருந்து தெரிந்தது.

ஐப்பசி முடியும் சமயம் ஒரு உள்நாட்டுக் கடிதம் வந்தது. பாக்கியம் சொல்ல யாரோ எழுதியது. ஆடியிலும் ஆவணியிலும் ஒரு சொட்டு இல்லையாம். சின்னையா தினமும் வானத்தைப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டாராம். பாக்கியத்துக்குக் குடம் தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு ஏறிவிட்டதாம். வந்திருக்கவே கூடாது என்று இரண்டு தடவை மூட்டையைக் கட்டினாராம். பிறகு ஒரு நாள் பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை. கண்மாய் நிறைந்துவிட்டது. விதைத்த கம்பு முளைத்து விரல் உயரம் நிற்கிறது. செம்மண்ணில் என்னென்னவோ புல், பெயர் தெரியாத பூ. இதை நான் பழனிசாமிக்கு உரக்கப் படித்தேன். அவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை. கடிதம் ஒரு புகாரோடு முடிந்தது. “மழை வந்ததும் வெதை மொளைச்சதை அவ்வளவு அழகாக் காட்டினீங்களே சார், கூரை ஒழுகுனதை ஏன் காட்டல?”

வறட்சியைப் பற்றிய ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஆறு வருஷமும் சொட்டச் சொட்ட நனைந்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்தக் கடிதத்துக்குப் பிறகு, மழைக் காட்சி வந்ததும் முதலில் கூரையைப் பாருங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.